இது அது இல்ல மாப்ள...

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் மீன் வாசனை அடிக்கும். சைவப் பதிவர்கள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது படிச்சுடுங்க. சமையல் குறிப்பு எதுவும் இல்லை, பயப்படாதீங்க :-)

நமக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம். "அது எங்கே இருக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு, பீங்கானுக்குப் பேர் போன விருத்தாசலத்துக்குப் பக்கம்னு சொல்லுவேன். கோயில் குளம்னு சுத்தற பெரியவங்களா இருந்தா பூவராகப் பெருமாள் ஊர்னு சொன்னாலே போதும். மாசி மகத்துக்கு எங்க பெருமாள் கிளம்பி கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். கடல் அவருக்குத்தான். எங்களுக்கு வாய்ச்சதெல்லாம் ஏரி மீனும் ஆத்து மீனும்தான்.

அந்த ஆத்து மீனை எனக்கு அறிமுகப்படுத்தினது என் தாய்மாமா.

மாமா அணைக்கரையில பொதுப்பணித் துறையில லஸ்கர். அதாவது ஷட்டரை ஏத்தி இறக்கற வேலை. கொள்ளிடத்துக்குக் குறுக்கே 1836-ல ஆர்தர் காட்டன் காலத்துல கட்டின கீழணை அது. அங்கேருந்து வடவாறு வழியாத்தான் வீராணத்துக்குத் தண்ணி வரும். 2004-லேர்ந்து அந்த வீராணத்துத் தண்ணி சென்னைக்கும் போகுது. பொழைப்புக்காக சென்னைக்கு வந்து நான் குடிக்கிற தண்ணியும் ஒருவகையில மாமா வேலை பார்த்த ஷட்டரைத் தாண்டி வர்றதுதான்.

முழுப்பரீட்சை லீவு விட்டா நான் அணைக்கரைக்கு ஓடிடுவேன். மாமா சாயங்காலம் டூட்டி முடிஞ்சதும் மதகு ஓரமா உக்காந்து, வலைக்காரங்க கொண்டு வர்ற மீனைப் பார்த்துப் பார்த்து பேர் சொல்லுவார். நமக்கெல்லாம் செதில் இருந்தா கெண்டை, மீசை இருந்தா கெளுத்தி, அவ்வளவுதான். மாமாவுக்கு அப்படி இல்ல. சேல்கெண்டை வேற, கருமுழிக்கெண்டை வேற, வெண்கெண்டை வேற. படிச்சது எட்டாங்கிளாஸ். ஆனா ஒரு மீனைக் கையில தூக்கினா வாயைத் திறந்து பார்ப்பார், மீசையைத் தொட்டுப் பார்ப்பார், முதுகு றெக்கையை விரிச்சுப் பார்ப்பார். அப்புறம்தான் பேர் சொல்லுவார்.

அவருக்கு ரொம்பப் பிடிச்சது வெண்கெண்டை. "வெள்ளி மாதிரி இருக்கும் மாப்ள. முதுகு றெக்கையோட முன்பக்கம் நீட்டிக்கிட்டு கொடி மாதிரி தூக்கி நிக்கும். அதைப் பார்த்தாப் போதும், தூரத்துலேர்ந்தே சொல்லிடலாம்"னு சொல்வார். நான் எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியல. அந்த வயசுல நமக்குக் குழம்புதான் முக்கியம், றெக்கையா முக்கியம்!

இப்போ கொசுவத்தியை 2009-க்குச் சுத்தறேன்.

மாமா ரிட்டயர் ஆகி, சர்க்கரை முத்திப்போய், ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கிடந்துட்டு வந்தார். உடம்பு தேறட்டும்னு அம்மா எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க. எதுவும் இறங்கல. ரெண்டு வாய் ரசம் சோறு, அவ்வளவுதான். ஒருநாள் அவரா வாயைத் திறந்து, "வெண்கெண்டை கிடைச்சா கொஞ்சம் குழம்பு வைக்கச் சொல்லேன்"னார். மனுஷன் வாய் திறந்து கேட்டுட்டாரேன்னு அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு. நான் பையைத் தூக்கிக்கிட்டு கிளம்பிட்டேன்.

மீன் விக்கிற அக்காகிட்ட கேட்டேன். "வெண்கெண்டைதான சார்? இந்தா, இதான். மிர்கால்னு சொல்லுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்." ரெண்டு கிலோ மீனா பார்த்து வெட்டி வாங்கிட்டு வந்தேன். அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வெச்சாங்க.

மாமா ஒரு வாய் வெச்சார். மெதுவா மென்னார். தட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, "இது அது இல்ல மாப்ள"ன்னார்.

"மருந்தா தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சுண்ணே உனக்கு"ன்னாங்க அம்மா. அத்தையும் அதையேதான் சொன்னாங்க. நான் மட்டும் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? நாமதான் அப்போ எதுக்கெடுத்தாலும் இணையத்துல தேடி ஆதாரம் காட்டற ஆளாச்சே! மறுநாள் காலையில ப்ரவுசிங் சென்டருக்குப் போய் மிர்காலோட அறிவியல் பேரைத் தேடினேன். 'சிர்ரைனஸ் சிர்ரோசஸ்'னு வந்துது. வெண்கெண்டைக்கும் தேடினேன். அதுக்கும் அதே பேர். ப்ரிண்ட் அவுட் எடுத்துக்கிட்டு வெற்றி வீரனா வீட்டுக்கு வந்தேன்.

"பாருங்க மாமா. ரெண்டும் ஒரே மீன்தான். சயின்ஸே சொல்லுது."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். இங்கிலீஷ் படிக்க வராது அவருக்கு. படத்தைத்தான் பார்த்தார். "இதுல றெக்கை சின்னதால்ல இருக்கு?"ன்னார்.

"படம்னா அப்படித்தான் மாமா இருக்கும்"னேன்.

ஒண்ணும் சொல்லல. பேப்பரை நாலா மடிச்சு என்கிட்டயே கொடுத்துட்டார். அடுத்த தை மாசம் போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் வெண்கெண்டைங்கற வார்த்தையே சொன்னதில்லை.

இதுவரைக்கும் குடும்பக் கதை. இனிமேதான் மீன் கதை.

2018 நவம்பர்ல காவிரியில இருக்கிற கூன்முதுகு மகசீர் அழிவின் விளிம்புல இருக்கிற மீன்னு ஐயூசிஎன் சிவப்புப் பட்டியல்ல சேர்த்தாங்கன்னு செய்தி வந்துது. (சிவப்புப் பட்டியல்ங்கறது எந்தெந்த உயிரினம் எவ்வளவு ஆபத்துல இருக்குன்னு உலக அளவுல கணக்கு வைக்கிற பட்டியல்.) காவிரி மீனாச்சேன்னு அதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சவன், அப்படியே காவிரியோட மத்த கெண்டைகளைத் தேடிப் போனேன். அங்கேதான் மாட்டினேன். அதே சிவப்புப் பட்டியல்ல, 2011-லயே, சிர்ரைனஸ் சிர்ரோசஸ் 'அழிய வாய்ப்புள்ளது'ங்கற வகையில இருக்கு. கோதாவரி, கிருஷ்ணா, காவிரின்னு தெற்கத்தி ஆறுகளோட மீன்னு போட்டிருக்கு. மிர்காலுக்குத் தனிப் பேர், தனிப் பக்கம். சிர்ரைனஸ் மிர்காலா. அதுக்குக் கவலைப்பட ஒண்ணுமில்லைங்கற வகை.

ஒரு மீன் கவலைக்குரியது, இன்னொண்ணு இல்லைன்னா, ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்? ப்ரிண்ட் அவுட் ஞாபகம் வந்துது. வயித்தைக் கலக்கிடுச்சு.

விஷயம் இதுதான். பெர்லின்ல மார்க்கஸ் எலீசர் ப்ளாக்னு ஒரு டாக்டர் இருந்தார். இந்தியப் பக்கமே வராதவர். உலகம் பூரா இருந்து மீன்களை வரவழைச்சு, பேர் வெச்சு, வண்ணப் படம் போட்டுப் புத்தகமா வெளியிட்டவர். நம்ம தரங்கம்பாடி டேனிஷ் மிஷன்ல இருந்த ஜான் பாதிரியார் அவருக்கு மீன்களை அனுப்பி வெச்சவர்கள்ல ஒருத்தர். நம்ம வீட்டு விரால்மீனுக்கு 1793-ல அறிவியல் பேர் வெச்சவரும் இதே ப்ளாக்தான். அவர் 1795-ல வெண்கெண்டைக்கு வெச்ச பேர் 'சிர்ரோசஸ்'. மீசைக்காரன்னு வெச்சுக்கலாம். அதாவது மாமா தொட்டுப் பார்த்த அதே மீசை!

மிர்கால் கங்கைப் பக்கத்து மீன். 1822-ல ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பத்தி எழுதின புத்தகத்துல, அந்த ஊர் ஜனங்க கூப்பிட்ட பேரையே எடுத்து 'மிர்காலா'ன்னு வெச்சார். அப்புறம் 1870-கள்ல வந்த ஃபிரான்சிஸ் டே, இந்திய மீன்களைப் பத்தின தன்னோட பெரிய புத்தகத்துல ரெண்டையும் தனித்தனி மீனாத்தான் எழுதினார்.

வித்தியாசம் என்னன்னு கேட்டீங்கன்னா, முக்கியமானது முதுகுத் துடுப்பு. துடுப்பை விரிச்சா முன்னாடி சில கதிர் நுனி பிரியாம நிக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிற கதிரெல்லாம் நுனியில கிளை பிரிஞ்சிருக்கும். மிர்காலுக்குக் கிளை பிரிஞ்ச கதிர் 12, 13. வெண்கெண்டைக்கு 14, 15. அதோட வெண்கெண்டைக்குத் துடுப்போட முன்பக்கம் நல்லா நீண்டு உசந்து நிக்கும்.

கொடி மாதிரி.

இந்த வரியைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அப்புறம் எப்படி ரெண்டும் ஒண்ணாச்சு? பின்னாடி வந்த வகைப்பாட்டாளர்கள் சிலர், ரெண்டும் அப்படியொண்ணும் வேற இல்ல, ஒரே இனம்தான்னு சேர்த்துட்டாங்க. மீனுக்குப் பேர் வைக்கிறதுல ஒரு சட்டம் இருக்கு. ரெண்டு பேர் ஒரே உயிரினத்துக்கு வெச்சதுன்னு முடிவானா, எது பழைய பேரோ அதுதான் நிக்கும். 1795-ல வெச்சது 1822-ல வெச்சதை விட மூத்தது. ஆக கங்கை மிர்கால், காவிரி வெண்கெண்டையோட பேரை எடுத்துக்கிச்சு. அப்படிச் சேர்த்து எழுதின பட்டியல்தான் அன்னிக்கு ப்ரவுசிங் சென்டர்ல என் கண்ணுல பட்டது. பேர் நம்ம மீனோடது, படம் கங்கை மீனோடது. "றெக்கை சின்னதால்ல இருக்கு?"ன்னு மாமா கேட்டது எவ்வளவு சரி பாருங்க.

சரி, பேர்தானே, எதுவா இருந்தா என்னங்கறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். கணக்குப் போட்டுப் பாருங்க, புரியும்.

முன்னாடியெல்லாம் கெண்டைக் குஞ்சு வேணும்னா வெள்ளத்துல ஆத்துலேர்ந்துதான் அள்ளணும். இந்த மீன்கள் குளத்துல வளரும், ஆனா தேங்கின தண்ணியில தானா முட்டை போடாது. 1957-ல ஒடிசாவுல ஹீராலால் சவுத்ரியும் அலிகுஞ்ஞும் ஊசி போட்டு முட்டையிட வைக்கிற வழியைக் கண்டுபிடிச்சாங்க. பிட்யூட்டரி சுரப்பிலேர்ந்து எடுத்த சாறுதான் அந்த ஊசி மருந்து. அதுக்கப்புறம் கட்லா, ரோகு, மிர்கால் மூணும் நாடு பூரா குளங்களுக்குப் போச்சு. கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. ஒரே குளத்துல மூணு மாடி! ஏழைக்கும் மீன் கிடைச்சுது. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நம்ம பக்கத்து ஏரி குளத்துலயும் அதான் விடறாங்க. கரை உடைஞ்சா, கலங்கல் வழிஞ்சா, குளத்து மீன் ஆத்துக்குப் போறதை யார் தடுக்கறது?

இன்னொரு பக்கம், ஆத்துக்குக் குறுக்கே அணை மேல அணை. 1934-ல மேட்டூர் வந்தப்புறம் கடல்லேர்ந்து காவிரியில மேல ஏறி வர்ற உல்லம் மீன் அதைத் தாண்டிப் போக வழி இல்லாமப் போச்சு. வெள்ளத்தோட எதிர்நீச்சல் போட்டு முட்டை வைக்கிற கெண்டைங்க கதியும் கஷ்டம்தான். மணலை வேற அள்ளிட்டோம். கொள்ளிடத்தைப் பத்தி நான் சொல்லணுமா?

இப்போ ரெண்டும் ஒரே மீன்னு எழுதிட்டா என்ன ஆகும்? சிர்ரோசஸ் எவ்வளவு இருக்குன்னு ஒருத்தர் கேட்டா, கோடிக்கணக்குல இருக்கு, சந்தை பூரா அதான்னு பதில் வரும். பதில் பொய் இல்ல. ஆனா அந்தக் கோடியில ஒண்ணுகூட வெண்கெண்டையா இல்லாம இருக்கலாம். ஒரு மீன் அழிஞ்சுபோனது வெளியே தெரியாம இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதோட பேரை இன்னொருத்தன் போட்டுக்கிட்டு சந்தையில நிக்கிறான், அவ்வளவுதான். காணோம்னு யாராவது சொன்னாலும், இதோ இருக்கேன்னு மிர்காலைக் காட்டிடலாம்.

நான் மாமாவுக்குக் காட்டின மாதிரி.

இதே காவிரியில நேர் எதிரான கதை ஒண்ணும் நடந்திருக்கு. அதான் மேல சொன்ன கூன்முதுகு மகசீர். அதுவும் கெண்டைக் குடும்பம்தான், ஆனா அரக்க சைஸ். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து தூண்டில்காரங்களுக்கு அது கனவு மீன். 1873-லயே தாமஸ்னு ஒரு மதராஸ் அதிகாரி மகசீர் பிடிக்கிறதைப் பத்திப் புத்தகமே எழுதிட்டார். 1946-ல கபினியில 120 பவுண்டு மீன் ஒண்ணைத் தூக்கியிருக்காங்க. அவ்வளவு பேர் போன மீனுக்கு முறையான அறிவியல் பேர்னு எதைச் சொல்றதுங்கறதே குழப்பம்! இதுக்கு நடுவுல லோனாவாலா குஞ்சுப் பண்ணையில பெருக்கின நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகளை, நல்ல எண்ணத்தோடதான், காவிரியில கொண்டுவந்து விட்டாங்க. அது பெருகிச்சு. மகசீர் நிறைய இருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. கூன்முதுகு குறைஞ்சுக்கிட்டே வந்தது தனியாத் தெரியல.

கடைசியில 2018-ல ஏட்ரியன் பிண்டர், மணிமேகலன், ராஜீவ் ராகவன் இன்னும் சிலர் சேர்ந்து மோயாறு மீனையும் காவிரி மீனையும் டிஎன்ஏ வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்து, இது சின்னாறு காட்டுல பாம்பாத்துலேர்ந்து ஏற்கெனவே பேர் வெச்ச 'டார் ரெமாதேவியை'தான்னு காட்டினாங்க. (நம்ம மீன் ஆராய்ச்சியாளர் ரெமாதேவி அம்மா பேர்தான். லத்தீன்ல ஆண்பால் விகுதி போட்டு வெச்சிருக்காங்க, அது வேற கதை!) பேர் கிடைச்ச அதே வருஷம் அழிவின் விளிம்புப் பட்டியல்லயும் ஏறிடுச்சு. பேர் வந்ததால மீன் பெருகிடாதுதான். ஆனா பேர் இருந்தாத்தான் பட்டியல்ல ஏத்த முடியும். ஏத்தினாத்தான் யாராவது கேள்வி கேட்க முடியும்.

மகசீராவது காடு, மலை, தூண்டில் பணக்காரங்கன்னு கவனிக்க ஆள் இருக்கிற மீன். வெண்கெண்டைக்கு யார் இருக்கா? மதகு ஓரம் உக்காந்து றெக்கையை விரிச்சுப் பார்த்த ஒரு லஸ்கர் இருந்தார். அவர் வாயையும் நான் ஒரு ப்ரிண்ட் அவுட்டால அடைச்சுட்டேன்.

அறிவியலைத் திட்டறதுக்காக இதை எழுதல. மாமா சொன்னதுதான் சரின்னு எனக்குச் சொன்னதே அறிவியல்தான். ப்ளாக்குக்கும் டேக்கும் தெரிஞ்சது மாமாவுக்கும் தெரிஞ்சிருந்தது. நடுவுல ஒரு பட்டியலைப் பார்த்துட்டு, கையில மீனே இல்லாம தீர்ப்பு சொன்னவன் நான்தான்.

இப்பவும் ஊருக்குப் போனா மீன் கடைக்குப் போவேன். வெட்டறதுக்கு முன்னாடி, "அக்கா ஒரு நிமிஷம்"னு சொல்லி முதுகுத் துடுப்பை விரிச்சு எண்ணுவேன். பன்னெண்டு, பதிமூணு. பன்னெண்டு, பதிமூணு. போன பொங்கலுக்கு அணைக்கரைக்கே போய் வலைக்காரங்க கூடையிலயும் எண்ணினேன். அங்கேயும் பன்னெண்டு, பதிமூணுதான். ஒரு வயசான வலைக்காரர் மட்டும், "என்ன தம்பி எண்ற?"ன்னு கேட்டார். சொன்னேன். சிரிச்சுட்டு, "நீட்டு றெக்கையா? வரும் தம்பி, எப்பவாவது பெருவெள்ளத்துல ஒண்ணு ரெண்டு வரும்"னார். சமாதானத்துக்குச் சொன்னாரா, நிஜமாவான்னு தெரியல. ஆனா 'நீட்டு றெக்கை'ன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அவர் வாயிலேர்ந்துதான் வந்துது. அது போதும் எனக்கு.

ஊர்ல மீன் விக்கிற அக்கா எனக்கு 'முள்ளு எண்ற சார்'னு பேரே வெச்சுட்டாங்க. அறிவியல் பேர் இல்லைன்னாலும் எனக்குன்னு ஒரு பேர் :-)

மக்களே, ஒரு வேண்டுகோள். காவிரி, கொள்ளிடம், அமராவதி, பவானி எந்தக் கரையில உங்க ஊர் இருந்தாலும் சரி. அடுத்த தடவை மிர்கால்னோ வெண்கெண்டைன்னோ ஒரு மீன் கண்ணுல பட்டா, கத்தி படறதுக்கு முன்னாடி முதுகுத் துடுப்பை விரிச்சு ஒரு படம் எடுங்க. கிளை பிரிஞ்ச கதிரை எண்ணுங்க. பதினாலோ பதினஞ்சோ வந்தா எந்த ஊர், எந்த ஆறுன்னு எழுதி வைங்க, எனக்கும் சொல்லுங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்களுக்குத் தெரிஞ்ச மீன் பேரையெல்லாம் கேட்டுக் குறிச்சு வைங்க. "ரெண்டும் ஒண்ணுதான்"னு மட்டும் சொல்லிடாதீங்க.

டிஸ்கி: அந்த ப்ரிண்ட் அவுட் இன்னும் என்கிட்ட இருக்கு. நாலா மடிச்ச மடிப்பு அப்படியே இருக்கு. மாமா, நீங்க சொன்னதுதான் சரி. அது வெண்கெண்டை இல்ல.